மலையேறும்போது கொதிக்கும் பழைய கார்

உத்தர்பாராத் தொழிற்சாலையில் அம்பாஸிடர் கார் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டாலும், அதை விட மனமின்றி வைத்திருக்கும் அன்பர்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரிக்கு ஏறுகையில் கல்லாறு தாண்டிய சில வளைவுகளுக்குள் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பக் கண்டு, மறுநாளே பட்டறைக்குப் போய் ரேடியேட்டரையோ வாட்டர் பம்பையோ மாற்றிவிடுகிறார்கள். உஷ்ணம் எப்போது ஏறுகிறது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் ஸ்பானரைத் தொடுவது வீண் செலவு என்பது என் கட்சி.

நெரிசலில் நின்றால் கொதித்து, ஓடத் தொடங்கியதும் தணிகிறதென்றால் குறை பெரும்பாலும் காற்றோட்டத்தில். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அம்பாஸிடரில் அந்த ஒரே பெல்ட்தான் டைனமோவையும் வாட்டர் பம்பையும் சுழற்றுவதால், அது அறுந்தால் சார்ஜ் விளக்கும் கூடவே எரிந்து சாட்சி சொல்லும். அதற்கு மாறாக, நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் உஷ்ணம் ஏறினால், போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைபட்டிருக்கலாம்; அல்லது நைந்துபோன கீழ் ஹோஸ், பம்ப் இழுக்கும் வேகத்தில் உட்குழிந்து நீரோட்டத்தைத் தடுக்கலாம். நின்ற நிலையிலேயே ஆக்ஸிலேட்டரை உயர்த்தி அந்த ஹோஸைக் கவனித்தால் இது விளங்கிவிடும்.

மலைப்பாதையின் விசேஷம் வேறு. சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் ஜலம், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 93 டிகிரிக்கருகிலேயே கொதிப்பதால், கீழே யோக்கியமாக ஓடிய யந்திரம் மேலே அதே உஷ்ணத்தில் பொங்கக்கூடும். இதற்குப் பரிகாரமாகத்தான் ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காக்கிறது. ஒரு பவுண்டு அழுத்தத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை டிகிரி வீதம் கொதிநிலை உயரும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்தும் ஸ்பிரிங் தளர்ந்தும் போயிருந்தால் அந்த லாபம் முழுவதும் நஷ்டம். சொற்ப விலையுள்ள இந்த மூடியைச் சந்தேகிக்காமல் ரேடியேட்டரைக் கழற்றுபவர்களை என்னவென்று சொல்வது! (சூடாக இருக்கையில் அதைத் திறப்பவர் முகம் வெந்துபோகும்.)

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அதனால் யந்திரம் குளிர்ந்தே ஓடிப் பெட்ரோலை விழுங்குவதோடு, அடைபட்ட ரேடியேட்டரின் குற்றமும் சில காலம் மறைந்துகிடக்கும். அதை வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, அதன்மேல் பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்கிறதா என்று பரீட்சிப்பதே முறை.

ஒழுகும் இடம் எதுவும் இல்லாமல் ஜலம் குறைந்து, புகைக்குழாயில் வெண்புகை ஓயாது வந்து, ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று ஐயமுறலாம். அப்போது ஹெட்டைக் கழற்றி, வளைந்திருக்கிறதா என்று பார்த்து, வேண்டுமானால் பட்டறையில் சமன் செய்யாமல் புதுக் கேஸ்கெட்டை மட்டும் மாட்டினால், அதுவும் பழையது போன வழியே போகும்.