காற்றைக் காவல் காக்கும் கேக்

வீட்டு பேக்கரி – 12

ஜப்பானின் ஒசாகா நகரத்தில், நம்பா பகுதியில் ‘ரிகுரோ மாமா’ கடை ரொம்பப் பிரபலம். ஓவனிலிருந்து ஓர் ஈடு சீஸ்கேக் வெளியே வந்ததும் ஊழியர் மணியடிப்பார். கேக்குகள் தட்டில் தளதளவென்று ஆடிக்கொண்டிருக்கும். மாமாவின் சிரித்த முகத்தைச் சூட்டு முத்திரையாக ஒவ்வொன்றின் தலையிலும் பதித்து, சூடு ஆறுவதற்குள் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். அடியில் உலர்திராட்சை இருக்கும். 1984-ல் இந்தக் கேக்கைப் போட ஆரம்பித்தார்கள். கூட்டம் இன்னும் குறையவில்லை.

சீஸ்கேக் ஜப்பானில் பிறந்ததல்ல. கிரீம் சீஸ் 1870-களில் அமெரிக்காவில் உருவானது. அதை நிறையப் போட்டுச் செய்யும் நியூயார்க் சீஸ்கேக் ஒரு துண்டிலேயே திகட்டிவிடும். கோபே நகரத்து மொரோசாஃப் நிறுவனம் 1969-ல் ஜப்பானில் சீஸ்கேக் விற்கத் தொடங்கியது. அதன் தலைவர் பெர்லினில் ருசித்த சீஸ்கேக்தான் அதற்குத் தூண்டுகோல். ஜப்பானியர்களுக்கு மெத்தென்ற கேக் புதிதல்ல. போர்த்துக்கீசியர் 16-ம் நூற்றாண்டில் கொண்டுவந்த காஸ்டெல்லா, வெண்ணெய் இல்லாமல் முட்டை நுரையை நம்பியே எழும்பும் கேக். கிரீம் சீஸைக் குறைத்து, முட்டை நுரையைக் கூட்டினால் வருவது இன்று நாம் செய்யப்போகும் சூஃப்லே சீஸ்கேக்.

இதில் பேக்கிங் பவுடரோ சோடாவோ கிடையாது. வெள்ளைக்கருவுக்குள் நாம் பிடித்து வைக்கும் காற்றுதான் கேக்கை எழுப்புகிறது. செய்முறையில் வரும் ஒவ்வொரு வேலையும் அந்தக் காற்று தப்பிவிடாமல் போடும் காவல். இது மனதில் பதிந்துவிட்டால் விலை உயர்ந்த மெஷின் தேவைப்படாது.

வேண்டிய சாமான்: ஓ.டி.ஜி., 6 அங்குல வட்ட அலுமினிய டின், அது உட்காரும் அளவுக்குப் பெரிய தட்டு, விஸ்க், சல்லடை, சமையலறைத் தராசு. ஹேண்ட் பீட்டர் இருந்தால் கை வலிக்காது. டின்னின் உயரம் 7 செ.மீ. இருக்கட்டும். அடி கழலும் டின் என்றால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். வெளியே அலுமினியம் ஃபாயிலை இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள்.

வேண்டிய பொருள்: கிரீம் சீஸ் 120 கிராம், வெண்ணெய் 30 கிராம், பால் 60 மி.லி., முட்டை 3, மைதா 30 கிராம், கார்ன்ஃப்ளார் 10 கிராம், சர்க்கரைத் தூள் 60 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். கிரீம் சீஸுக்குப் பதிலாக பனீர், சீஸ் ஸ்லைஸ், சீஸ் ஸ்ப்ரெட் எதுவும் சரிவராது. பனீர் திரிதிரியாக நிற்கும். மற்ற இரண்டிலும் உப்பு தூக்கலாக இருக்கும்.

ஓவனை 150 டிகிரியில் ப்ரீஹீட் செய்யுங்கள். டின்னின் அடியிலும் சுற்றிலும் பட்டர் பேப்பர் போடுங்கள். சுற்றுப் பேப்பர் விளிம்புக்கு மேலே 2 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கட்டும், கேக் எழும்பும்போது சாய்ந்துகொள்ள அது சுவராகும்.

கிரீம் சீஸ், வெண்ணெய், பால் மூன்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கட்டியில்லாமல் கரையுங்கள். இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மஞ்சள்கருவையும் பாதி எலுமிச்சைச் சாற்றையும் சேருங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு ஊற்றினால் மஞ்சள்கரு வெந்து திப்பிதிப்பியாகிவிடும். பிறகு மைதாவையும் கார்ன்ஃப்ளாரையும் சலித்துச் சேர்த்து, கலவையை ஒருமுறை வடிகட்டிவிடுங்கள்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். வெள்ளைக்கரு அடிக்கும் பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ ஆக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். கொழுப்பு பட்டால் நுரை நிற்காது. ஒரு பொட்டு மஞ்சள்கரு விழுந்தாலும் இதே கதிதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையில் மஞ்சள்கரு உடையாமல் சுலபமாகப் பிரியும்.

வெள்ளைக்கரு நுரைக்க ஆரம்பித்ததும் மீதி எலுமிச்சைச் சாறு. புளிப்பு, நுரை திரிந்து தண்ணீர் விடாமல் காக்கும். சர்க்கரையை மூன்று தவணையாகச் சேருங்கள். முதலிலேயே மொத்தமாகக் கொட்டினால் நுரை எழும்ப நேரமாகும். குமிழ்கள் சிறுத்து, வெண்மை கூடி, பளபளப்பு வரும். இப்போது விஸ்க்கைத் தூக்கிப் பாருங்கள். நுனி நிமிர்ந்து, பிறகு கிளி மூக்கு மாதிரி வளைந்து தொங்க வேண்டும். அதோடு நிறுத்துங்கள். நுனி விறைத்து நின்றால் கூடுதலாக அடித்துவிட்டீர்கள். அந்த நுரை ஓவனில் வேகமாக எழும்பி, மேல்தோலைப் பிளந்துவிடும்.

நுரையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துச் சீஸ் கலவையில் போட்டு, தயங்காமல் கலந்துவிடுங்கள். கலவையின் கனம் குறையத்தான் இந்தப் பலி. மீதியைக் கட் அண்ட் ஃபோல்ட் முறையில் சேருங்கள்: ஸ்பேட்சுலாவை நடுவில் இறக்கி, அடியிலிருந்து வாரி, மேலே மடக்கி, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். வெள்ளைத் திட்டுகள் மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அடியில் சீஸ் தங்கினால், வெந்த கேக்கின் கீழே களி மாதிரி ஓர் அடுக்கு தெரியும்.

டின்னில் ஊற்றி, மேடையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பெரிய குமிழ்கள் உடையும். டின்னைத் தட்டில் வைத்து, 2 செ.மீ. உயரத்துக்குச் சுடுதண்ணீர் விட்டு, ஓவனின் கீழ்த்தட்டில் ஏற்றுங்கள். தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால், டின்னின் அடியும் பக்கமும் நிதானமாக வேகும். எழும் ஆவி மேல்தோலைச் சீக்கிரம் காயவிடாது. 60 முதல் 70 நிமிடம் வேகட்டும். மேலே நிறம் முந்திக்கொண்டால் ஃபாயிலை லேசாக மூடுங்கள். முதல் முக்கால் மணி நேரத்துக்குக் கதவைத் திறக்கவே கூடாது.

குச்சி ஒட்டாமல் வந்ததும் ஓவனை அணைத்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து, 20 நிமிடம் அப்படியே விடுங்கள். சட்டென்று வெளியே எடுத்தால் உள்ளே இருக்கும் ஆவி தண்ணீராகி, காற்றும் சுருங்கி, கேக் இடுப்பொடிந்து உட்கார்ந்துவிடும். எவ்வளவு பார்த்துச் செய்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அது குறையல்ல.

‘குக்கரில் செய்யலாமா?’ என்று கேட்பீர்கள். வேகும், ஆனால் மேலே பொன்னிறம் வராது. மூடியில் சேரும் ஆவி சொட்டி, மேல்பக்கம் நசநசத்துவிடும். இந்த ஒரு கேக்குக்கு ஓவன்தான் லாயக்கு.

புதிதாக ஏதாவது வாங்கியே தீருவேன் என்றால், ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். ஓ.டி.ஜி.யின் குமிழ் காட்டும் 150-ம், உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. மற்ற கேக்குகள் அந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும். இது பொறுக்காது. கேக் வெடித்தால் அடுத்த முறை 10 டிகிரி குறையுங்கள்.

வெதுவெதுப்பாகச் சாப்பிட்டால் பஞ்சு மாதிரி கரையும். ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் இறுகி, சீஸ் ருசி மேலோங்கும். பாதியை இன்றே சாப்பிடுங்கள். மீதியை நாளைக்கு வையுங்கள். எது பிடித்தது என்று எழுதுங்கள். அடுத்த வாரம் காஸ்டெல்லா.