படுக்கைப் புண் தலைவிதியல்ல

அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பிழைத்து வந்தவருக்கு முதுகடியில் புண் என்றால், "படுத்தே கிடந்தா வராம இருக்குமா?" என்கிறோம். ஆனால் பெரும்பாலும் இதைத் தடுக்கலாம்.

நினைவற்றுக் கிடப்பவர் தானாகப் புரள மாட்டார். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி, இரத்த ஓட்டம் குறைந்து, சதை செத்துப்போகிறது. முதுகடி, இடுப்பு, குதிகால், பின்தலை ஆகிய இடங்களிலேயே இது அதிகம்.

ஆகவேதான் தாதிமாருக்குத் தனிப் பயிற்சி தேவை. 1987இல் வெளியான 'பிரேடன்' அளவுகோலின்படி உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என்ற 6 விடயங்களுக்குப் புள்ளி போடப் பழகுகிறார்கள். முழுப்புள்ளி 23, 18 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து. குழாய், முகமூடி அழுத்தும் இடங்களையும் பார்க்கக் கற்கிறார்கள்.

லயத்துக்குக் கொண்டு வந்த பிறகு பொறுப்பு நம்முடையது. சுமார் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவோம். இழுக்காமல் தூக்கி மாற்றுவோம். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் வெளுக்காவிட்டால் அதுவே புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, நோவு, இறுக்கம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. உடனே தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லுங்கள்.