தெருவுக்குச் செய்த எஞ்சின் கடலுக்கு வந்த கதை

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறைக் கரையில் கட்டியிருக்கும் படகுகளின் பின்பக்கத்தைப் பார்த்தால் யமஹாவின் பெயர்தான் அதிகம் கண்ணில் படும். யமஹா கார் விற்பதில்லை. ஆனாலும் 1967இல் வெளிவந்த ரொயோட்டா 2000ஜிரி காரின் எஞ்சினை உருவாக்கியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. சுசுகியும் ஹொண்டாவும் கார்க் கம்பனிகளேதான். அல்ற்றோ கார் செய்யும் சுசுகி 1965இலேயே படகு எஞ்சின் தொழிலுக்கு வந்துவிட்டது. ஹொண்டா அதற்கு ஓராண்டு முந்தியது.

1990களில் ஹொண்டா இன்னொரு படி மேலே போய், சிவிக் காரின் எஞ்சினையே அடிப்படையாக வைத்து 75, 90 குதிரைவலுப் படகு எஞ்சின்களைச் செய்தது. கேட்பதற்குச் சுலபம், செய்வது அப்படியில்லை. காரில் கிராங் தண்டு படுத்திருக்கும். படகில் அது நிமிர்ந்து நிற்கவேண்டும், ஏனென்றால் சுழற்சி நேரே கீழிறங்கி, நீருக்குள்ளே பல்சக்கரத்தில் திரும்பித்தான் புறொப்பெல்லரைச் சேர்கிறது. அதனால் ஒயில் தேங்கும் இடமும் மாறுகிறது. றேடியேற்றர் கிடையாது. கடல்நீரை உறிஞ்சியே எஞ்சின் சூடு தணிகிறது. நன்னீர் ஓடவிட்டுக் கழுவாவிட்டால் உப்புப் படிந்து அந்தப் பாதை அடைபடும். யாழ்ப்பாணக் கடனீரேரி போன்ற ஆழம் குறைந்த நீரில் எஞ்சினைச் சாய்த்துத் தூக்கவும் முடியவேண்டும்.

நம் கடலில் முக்கியமான கேள்வி எரிபொருள். இங்கே பல சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. அது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சரியாக ஆவியாகாது. ஆகவே பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். அமுக்கம் கூடினால் எஞ்சின் இடிக்கும் என்பதால், மண்ணெண்ணெய் எஞ்சின்களை அமுக்கத்தைக் குறைத்தே செய்கிறார்கள்.

1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் இதே முறையில்தான் ஓடின. தரம் குறைந்த பெற்றோலுக்கென்று செய்த பழைய கார்கள் அவை, அமுக்கமும் குறைவு. படகு எஞ்சினின் வழக்கத்தைக் காருக்குக் கொண்டுவந்து ஊரையே நகர வைத்த மெக்கானிக்குகளின் அறிவு எந்தப் பொறியியல் பாடத்துக்கும் குறைந்ததல்ல.

அதே ஒஸ்ரின் ஏ-40ஐத்தான் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் சென்னைக்கு அருகே எண்ணூரில் பொருத்தி விற்றது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆகி, லொறி, பஸ் பக்கம் திரும்பியது. அதன் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் தமிழ்நாட்டு விசைப்படகுகளிலும் ஏறின. கடலடியை வாரி வரும் இழுவைமடியை இழுக்க அந்த வலு வேண்டும். இழுவைமடி கடலடியைச் சேதப்படுத்துவதால், இதை எஞ்சினின் சாதனையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது.

நம் சிறு படகுக்காரருக்கு அடி விழுந்தது எரிபொருளில். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயானது. அதற்கு முந்திய மாதங்களில் காசு கொடுத்தாலும் கிடைக்காமல் வடக்கில் பல படகுகள் கரையிலேயே கிடந்தன.

எஞ்சினை மாற்றினால் என்ன என்று கேட்கலாம். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒயிலை எரிபொருளோடு கலந்து எரிக்கிறது. எரியாத மிச்சம் நீரில் கலக்கிறது. புதிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் குறைவாகக் குடிக்கும், நீரையும் குறைவாக அழுக்காக்கும். ஆனால் பெற்றோலுக்கென்று செய்த அந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒத்துவராது. எஞ்சின் மாற்ற மானியம் கொடுக்க நினைப்பவர்கள், பெற்றோலுக்கு நாளாந்தம் ஆகும் செலவையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும்.