முறுக்கில் இருக்கிறது சூட்சுமம்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்களுடையது தாத்தா காலத்து நீள வீடு. ஃபைபர் இணைப்பு வாசல் அறை வரை வந்துவிட்டது. ஆனால் ரேழி, முற்றம் தாண்டி இரண்டாம் கட்டில் இருக்கும் டிவியில் படம் அடிக்கடி நின்றுவிடுகிறது. விலை கூடிய ரௌட்டர் வாங்கினால் சரியாகுமா?”

பெரும்பாலும் ஆகாது. பழைய வீட்டின் பருத்த செங்கல் சுவர், வைஃபை அலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதிலும் வேகம் கூடிய 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத்தான் இழப்பு அதிகம். ரௌட்டரில் எத்தனை ஆண்டெனா இருந்தாலும், அது பரப்பும் அலையின் திறனுக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. சுவரோடு மல்லுக்கட்டாமல், அதில் ஒரு துளை போட்டு ஈதர்நெட் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை அது தாங்கும். உங்கள் வீடு அதில் பாதிகூட இருக்காது.

அந்தக் கேபிளின் தோலை உரித்துப் பாருங்கள். எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிக் கிடக்கும். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இந்த முறுக்குதான்.

மிக்சியும் மோட்டாரும் எழுப்பும் மின் இரைச்சல் எந்தக் கம்பியிலும் ஏறும். அதனால் ஒரே செய்தியை ஒரு கம்பியில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்புகிறார்கள். மறுமுனை பார்ப்பது இரண்டின் வித்தியாசத்தை மட்டுமே. மழையில் வைத்த தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தட்டிலும் ஒரே அளவு மழை விழுந்தால் முள் அசையாது. மழை சாய்ந்து அடித்தால் ஒரு தட்டில் நீர் கூடும், முள் பொய் சொல்லும். தட்டுகளை ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் இரண்டிலும் நீர் சமமாகிவிடும். முறுக்கு செய்வது இதைத்தான்: இரைச்சலுக்கு அருகில் இருக்கும் முறை ஒவ்வொரு கம்பிக்கும் மாறி மாறி வருகிறது.

பக்கத்தில் இன்னும் மூன்று தராசுகள் இருக்கின்றனவே? ஒன்றில் தெறிக்கும் நீர் அடுத்ததில் விழும். நான்கும் ஒரே தாளத்தில் தட்டு மாற்றினால், தெறிப்பு எப்போதும் ஒரே தட்டில்தான் சேரும். அதனால்தான் நான்கு ஜோடிகளுக்கும் முறுக்கின் நெருக்கம் வெவ்வேறாக இருக்கிறது.

வரலாறு சுருக்கமாக: தொடக்கத்தில் தொலைபேசிக்கு ஒற்றைக் கம்பிதான், மின்சாரம் பூமி வழியே திரும்பியது. மின் டிராம்கள் வந்ததும் இரைச்சல் பெருகியது. முறுக்கிய ஜோடிக்கு கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார்.

கடையில் ‘கேட் 8’ ரகக் கேபிள் என்று ஆசை காட்டுவார்கள். அது டேட்டா சென்டர்களில் 30 மீட்டருக்குள் பயன்படுத்த வகுக்கப்பட்டது. வீட்டுக்கு ‘கேட் 5இ’ போதும். விநாடிக்கு 1,000 மெகாபிட் கடத்தும். 4கே படத்துக்கு 25 மெகாபிட்டே தாராளம். எண்ணைப் பார்க்காமல் உலோகத்தைப் பாருங்கள்: செம்பு பூசிய அலுமினியத்தைத் தள்ளிவிட்டு முழுச் செம்பைக் கேட்டு வாங்குங்கள். டிவிக்கு டிஷ் ஆண்டெனா இருந்தால், அதன் கேபிள் வேறு வகை. அதற்கு முறுக்கு கிடையாது. நடுக்கம்பியைச் சூழ்ந்த உலோக வலையே காப்பு. அதை அப்படியே விட்டுவிடலாம்.

கரண்டு வயர் போகும் குழாயில் இந்தக் கேபிளை நுழைக்க வேண்டாம், அது ஆபத்து. தனி கேசிங்கில், சற்றுத் தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கே போயாக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். டிவிக்கு நேராகச் செருகி, அந்தப் பக்கத்து ஃபோன்களுக்கு ஒரு சாதாரண வைஃபை ரௌட்டரை அங்கே வைத்தால் போதும்.

கடைசியாக, முனையில் பிளக் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று முறுக்கை இரண்டு அங்குலம் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் முறுக்கு தரும் காப்பு போய்விடும். 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க விடாதீர்கள்.