மலைமேல் ஒரு வைத்திய சர்வகலாசாலை

வைத்தியக் கலாசாலை என்றதும் பெரிய பட்டணமும் அதன் நடுவே வானளாவிய கட்டடங்களுமே நம் மனக்கண்முன் தோன்றும். வைத்தியம் கிடைக்காமல் தவிப்போரில் மிகப் பலர் கிராமத்தில் இருக்க, வைத்தியம் கற்பிக்கும் இடம் மட்டும் பட்டணத்தில் இருப்பானேன்? ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா தேசத்தில் இவ்வாறு கேட்டதோடு நில்லாமல், காரியத்திலும் இறங்கிவிட்டார்கள்.

1994-ம் ஆண்டில் அச்சிறு தேசத்தில் நடந்த படுகொலையை நேயர்கள் அறிவார்கள். வைத்தியர்களிலும் பலர் மாண்டனர். பலர் அயல்நாடு சென்றனர். வடக்கே, உகாண்டா எல்லையை அடுத்த மலைப் பிரதேசத்தில் புடாரோ என்பது ஓர் ஊர். 2011-ல் அங்கே ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. உள்ளூர்க் கொத்தர்களே எரிமலைக் கல்லைச் செதுக்கிச் சுவர் எழுப்பினார்கள். க்ஷயரோகம் தொற்றாதபடி காற்றுத் தாராளமாய் வந்து போகும். நோயாளிகள் ஒருவர் வேதனையை ஒருவர் பார்த்துக் கிடக்காமல், ஜன்னல் வழியே மலைகளைப் பார்க்கலாம். அதன் அண்டையில் 2019-ல் உலக சுகாதார சமத்துவ சர்வகலாசாலை குடியேறியது.

அவ்வாண்டு வைத்திய வகுப்பில் சேர்ந்தவர் 30 பேர். மூன்றில் இரண்டு பங்கு பெண்மணிகள்! அப்போது வகுத்த படிப்பு ஆறரை ஆண்டு. முதல் ஆறு மாதத்தில் எலும்பும் நரம்பும் இல்லை. சரித்திரமும் சமூக சாஸ்திரமுமே. குழந்தையின் பேதிக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, அவ்வீட்டுக்கு நல்ல தண்ணீர் ஏன் எட்டவில்லை என்று விசாரிப்பதும் வைத்தியமே என்பது அங்குள்ள கொள்கை. போதனாபாஷை என்னவோ ஆங்கிலந்தான். நோயாளி பேசுவது கின்யருவாண்டா. அம்முதல் வகுப்பு மாணாக்கர் அந்நாட்டவர்களாதலால், "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கத் துபாஷி வேண்டியிருக்கவில்லை.

கல்லூரிச் சம்பளம் கட்ட வகையற்றவரும் கற்கலாம். பதிலுக்கு, பட்டம் பெற்றபின் பல ஆண்டுகள் நாட்டுக்கு ஊழியம் செய்வதாக உடன்படிக்கை. 'உமுசன்ஸு' என்று அதற்குப் பெயர். நம் பாஷையில் 'பங்கு' எனலாம். நம்மைக் கேட்டால், கட்டடத்தினும் பாடத்தினும் இதுவே பெரிது. ஏழை நாடு அரும்பாடுபட்டுப் பயிற்றும் வைத்தியர் செல்வ நாட்டுக்கு விமானமேறும் காலமல்லவா இது? ஆயினும் கையெழுத்து ஒன்றே ஒருவரை மலையில் நிறுத்திவிடாது. குடியிருக்க வீடும், கைக்கெட்டும் தூரத்தில் மருந்தும் கருவியும் வேண்டும். இதற்கெல்லாம் வெளிநாட்டுத் தர்மவான்களின் கொடையை எத்தனை காலம் நம்பியிருப்பது என்ற கவலை நமக்கு உண்டு.

இச்சர்வகலாசாலையை நிறுவியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான டாக்டர் பால் பார்மர். ஹெய்ட்டி நாட்டு ஏழைகளிடையே நெடுங்காலம் வைத்தியம் செய்தவர். 2022 பிப்ரவரியில் அவர் புடாரோவிலேயே காலமானார். முதல் வகுப்பினர் அப்போது மூன்றாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தார்கள்.