கிட் கார் கனவு: முதலில் ஆர்.சி., அப்புறம்தான் இரும்பு

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இன்று ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் கார் தொழிற்சாலை இருந்தது. 1948-ல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாக வந்த வான்கார்டு கார்களைப் பூட்டித்தான் தன் வேலையைத் தொடங்கியது. அதே சாலையில் இன்னும் தெற்கே, மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்களும் அப்படித்தான் பூட்டப்படுகின்றன. பெட்டியில் வந்த பாகங்களைக் காராக்கும் வேலை தாம்பரம் வட்டாரத்துக்குப் புதிதல்ல.

இதையே ஒரு தனி மனிதர், சிறு சேமிப்பை வைத்துக்கொண்டு, வீட்டு ஷெட்டில் செய்து முடித்து ரோட்டில் ஓட்ட முடியுமா? சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் வண்டி மீது பித்துப் பிடித்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. முடியுமா, முடியாதா என்பது எந்தக் காரை வாங்குகிறீர்கள் என்பதில் இல்லை. அதை எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

கிட் கார் எங்கிருந்து வந்தது?

பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் கிட் கார் பெரிதும் பிரிட்டனில் வளர்ந்த பழக்கம். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால், முழு காருக்கு உரிய கொள்முதல் வரி கிடையாது. காசு குறைந்தவர்களும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்துக்கொள்ள அது வழி திறந்தது. 1973-ல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. 1996-ல் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர், வெறும் 250 பவுண்டில் சொந்த ஸ்போர்ட்ஸ் கார் செய்வது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கழற்றி, இரும்புக் குழாயில் வெல்டிங் செய்த ஃபிரேமில் பொருத்துவதுதான் அவர் காட்டிய முறை.

அங்கே இது நடப்பதற்கு முக்கியக் காரணம் சட்டம். ஒரே ஒரு காரைச் செய்தவரும் அதைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, தேறினால் பதிவு எண் வாங்கலாம். பரிசோதனை கடுமையானதுதான். ஆனாலும் தனி மனிதருக்கென்று ஒரு கதவு திறந்திருக்கிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

நம் விதிகள் கார் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-வது விதிப்படி, உற்பத்தியாளர் தன் மாடலின் முன்மாதிரியை அங்கீகாரம் பெற்ற பரிசோதனை மையத்தில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். தாம்பரம்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டிப் போனால் வரும் ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் அப்படிப்பட்ட மையங்களில் ஒன்று. பிரேக், புகை, விளக்கு, மோதல் என்று நீளும் இந்தச் சோதனைகளின் செலவு ஆயிரக்கணக்கில் கார் விற்கும் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும். ஒரே ஒரு கார் செய்பவரின் சேமிப்பு அதற்குத் தாங்காது.

அப்படியானால் பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு மேல் உடலை மாற்றிவிடலாமே என்று தோன்றும். அந்த வழியும் அடைபட்டதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். அங்கீகாரம் பெற்ற சி.என்.ஜி. அல்லது மின்சார கிட் பொருத்துவதற்கும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வண்டியைச் சீரமைப்பதற்கும் அனுமதி பெறும் வழி உண்டு.

அபராதத்தை விடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். பதிவே செய்ய முடியாத வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கிடைக்காது. அந்த வண்டி ஒருவர் மீது மோதினால், நீதிமன்றம் சொல்லும் இழப்பீடு முழுவதும் ஓட்டியவர், உரிமையாளர் தலையில் விழும். ஆசைக்குச் செய்த ஒரு கார் குடும்பத்தின் வீட்டையே விற்க வைத்துவிடலாம்.

அப்படியானால் என்ன வழி?

சிறு பட்ஜெட்காரர் முன்னால் இரண்டு நேர்மையான வழிகள் இருக்கின்றன. ஒன்று, ரோட்டுக்கே வராத கார். இன்னொன்று, உயிரோடு இருக்கும் ஆர்.சி.யோடு ஒரு பழைய காரை வாங்கி, அதன் அசல் வடிவம் மாறாமல் கழற்றிப் பூட்டுவது.

முதல் வழிக்குத் தமிழ்நாட்டில் பெருமையான வரலாறு உண்டு. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உள்ளூரிலேயே உருவாக்கினார். நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கும் பந்தயம் எட்டும் தூரத்துக்கு வந்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நமக்கு அருகில் இருப்பது இருங்காட்டுக்கோட்டைத் தடம். அங்கே பதிவு எண் கேட்க மாட்டார்கள். ரோல் கேஜ், பெல்ட், தீயணைப்பான் கேட்பார்கள். போட்டியில் இறங்க இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு தரும் லைசென்ஸ் வேண்டும். காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வாசல் உண்டு. பாஹா, சுப்ரா என்ற மாணவர் கார் போட்டிகளை, வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. இந்தியா நடத்துகிறது. மாணவர்களே வடிவமைத்து, வெல்டிங் செய்து, ஓட்டவும் வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ரஃப்தார், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மின் கேம்பர் ரேசிங் போன்ற அணிகள் இப்படி உருவானவை. 1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி., தொடக்கத்திலிருந்தே ஆட்டோமொபைல் பொறியியல் சொல்லிக்கொடுத்த இடம். சொந்தக் காசில் கிட் கார் செய்ய நினைக்கும் மாணவர், முதலில் தன் கல்லூரி அணியில் சேர்ந்து ஸ்பேனர் பிடிப்பது நல்லது.

பெருங்களத்தூர் தந்த பரிசு

இரண்டாவது வழியில் போகிறவர்களுக்கு, நம் ஊரிலேயே பிறந்த ஒரு கார் இருக்கிறது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959-ல் பிரிட்டனில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்து, 1961-ல் இங்கே தயாரானது. இதன் வடிவம் இத்தாலியர் மிகெலோட்டி வரைந்தது. மாருதி 800 போன்ற கார்களில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். ஹெரால்டில் சேசிஸ் தனி, உடல் தனி. முழு உடலையும் செய்து தரும் தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதால், உடலைப் பல துண்டுகளாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்க்க வேண்டிய நிலை டிரையம்ஃப் நிறுவனத்துக்கு வந்தது. அந்த நெருக்கடிதான் ஹெரால்டை வீட்டு ஷெட்டுக்கு ஏற்ற காராக்கியது. பிரிட்டனில் பல கிட் கார்கள் ஹெரால்டு சேசிஸின் மேலேயே கட்டப்பட்டன.

நம் சட்டத்தில் உடலை மாற்ற முடியாது. ஆனால் கழற்றி, துருவை எடுத்து, அதே உடலைத் திரும்பப் பூட்டத் தடையில்லை. பானெட் முழுவதும் முன்பக்கம் சாய்ந்து திறக்கும், 948 சி.சி. எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். கிட் கார் கட்டுபவருக்குக் கிடைக்கும் அறிவும் மகிழ்ச்சியும் இதிலும் முழுதாகக் கிடைக்கும்.

2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள் இதற்குத் துணை. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டி, அசல் வடிவம் மாறாத கார் விண்டேஜ் ஆகும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். ஹெரால்டு மட்டுமல்ல, அதே பெருங்களத்தூர் நிறுவனத்திலிருந்து 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலின் முதல் வண்டிகளும் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. ஒரு கட்டுப்பாடு உண்டு: விண்டேஜாகப் பதிந்த காரைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

வாங்கப் போகும்போது

முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள். அதில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்களோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். விற்பவர் பெயரில்தான் ஆர்.சி. இருக்கிறதா, கடன் பாக்கி பதிவாகியிருக்கிறதா, வெளி மாவட்ட வண்டியானால் என்.ஓ.சி. கிடைக்குமா என்று பாருங்கள். டி.என்.11 தாம்பரம், டி.என்.22 மீனம்பாக்கம் என்று உங்கள் எல்லைக்குட்பட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஒரு வண்டியின் ஆர்.சி.யில் வேறொரு வண்டி உட்கார்ந்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்தது சேசிஸ். ஹெரால்டில் பலமெல்லாம் அதில்தான் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் நின்ற காரில் துரு உள்ளிருந்து அரிக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே இரும்பு மெலிந்திருக்கிறது. முன்சக்கரம் திரும்பும் இடத்தில் உள்ள ட்ரனியனுக்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் போட வேண்டும். பல ஆண்டு கவனிக்காமல் விட்டிருந்தால் அது முறிந்து சக்கரம் மடிந்துவிடும். எஞ்சினை லேத்காரரும் மெக்கானிக்கும் சேர்ந்து மீட்டுவிடலாம். தொலைந்துபோன கண்ணாடி, ரப்பர் பீடிங், குரோம் பட்டை ஆகியவைதான் கிடைக்காது. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைந்தாலும் சில பாகங்களை வெளிநாட்டிலிருந்தே வரவழைக்க நேரும். அதற்கு இறக்குமதி வரியும் சேரும். அதனால் பாதி பாகம் இல்லாத மலிவான காரை விட, எல்லா பாகமும் உள்ள ஓடாத கார் கடைசியில் லாபம்.

காசை எப்படிப் பிரிப்பது?

கையில் உள்ள தொகையை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு காருக்கும் காகிதங்களுக்கும், ஒரு பங்கு வேலைக்கு, ஒரு பங்கு தொடாமல் கையிருப்பாக. சேசிஸ், பிரேக், ஸ்டீயரிங் என்ற வரிசையில் செலவிடுங்கள், பெயின்ட் கடைசி. டிங்கருக்கும் வெல்டருக்கும் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காமல், முடிந்த வேலைக்கு ஏற்ப கொடுங்கள்.

ஹெரால்டை விட இளைய காரை எடுப்பவர்கள் பதிவுப் புதுப்பிப்பையும் கணக்கிடுங்கள். 15 ஆண்டு கடந்த தனியார் காருக்கு 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு அது 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்ந்தது.

கார் வாங்குவதற்கு முன்பே, வேலை செய்ய இடம் வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. கழற்றிப் போட்ட கார் தரைமட்டத்தில் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் ஏறினால், போட்ட காசு அத்தனையும் போய்விடும். மேடான ஷெட் இல்லாதவர் தை மாதம் வரை பொறுத்து, வேலையை அப்போது தொடங்குங்கள்.

தனி மனிதர் செய்த ஒரு காரைப் பரிசோதித்துப் பதிவு செய்ய நம் நாட்டிலும் ஒரு வழி வர வேண்டும். கார் பூட்டும் கைகளும் பரிசோதனை மையமும் கல்லூரிகளும் ஒரே வட்டாரத்தில் இருக்கும் தென் சென்னைக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. அது வரும் வரை, காகிதம் சரியாக இல்லாத காருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.