ஜனாதிபதிப் பதவிக்கு ஏற்றவர் யார்?

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலின் வாக்குச்சீட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அத்தனை பேரும் சட்டப்படி தகுதி பெற்றவர்களே. சட்டம் கேட்பது சொற்பம்: வாக்குரிமை, குறித்த வயது, நியமனம், கட்டுப்பணம். உழவு மாடு வாங்கும்போது நாம் இதைவிட அதிகம் பார்க்கிறோம். பல்லைப் பார்த்து, நுகத்தில் பூட்டி நடத்திப் பார்க்காமல் எவரும் அச்சாரம் கொடுப்பதில்லை.

ஜனாதிபதி முப்படைகளின் தளபதி. அவசரகால நிலையைப் பிரகடனம் செய்பவரும் அவரே. அரச காணிக்கான அளிப்புப் பத்திரம் அவருடைய கையொப்பத்துடன்தான் வருகிறது. வேலிக்கு வெளியே நின்று தம் காணியைப் பார்த்தவர்களுக்கு இந்த அதிகாரங்களை விளக்கத் தேவையில்லை.

ஆகவே, சிறிய அதிகாரம் இருந்தபோது அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். அவசரகால நிலை நீடித்த காலங்களில் அதற்கான பிரேரணை மாதந்தோறும் பாராளுமன்றத்துக்கு வந்தது. பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்த நாட்களில் யார் எப்பக்கம் நின்றார் என்பது ஹன்சாட்டில் பதிவாகியுள்ளது. மேடையில் அவர் அதைச் சொல்லமாட்டார். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி வேட்பாளரின் சொத்து விபரமும் வெளியிடப்படுகிறது. (அதில் விடுபட்டதை அவருடைய ஊரவர் அறிவர்.)

முழுமையாக ஏற்ற ஒருவர் இல்லாமலும் போகலாம். அதற்காக வீட்டில் இருந்துவிடாதீர்கள். வாக்குச்சீட்டில் 1, 2, 3 என விருப்பு வரிசை இடலாம். 2024இல் எவரும் பாதிக்கு மேல் பெறாததால், அவ்விருப்பு வாக்குகள் முதன்முறையாக எண்ணப்பட்டன.